பையன் மேல இருக்கற கேஸ் வேற, பையனுக்கு நடந்தது வேற

வழக்கில் சிக்கிய 18 வயதுக்குக் கீழான பிள்ளைகளை வைக்கும் கூர்நோக்கு இல்லத்தில் இருக்கும் பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்திருக்கிறது என்று தெரிந்ததும் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குடும்பங்கள் முதலில் கேட்பது, "இதச் சொன்னா இருக்கற கேஸ் கெட்டுப்போயிடுமா சார்?" என்றுதான். கெடாது. திருட்டோ அடிதடியோ, பையன் மேல் உள்ள வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்தில், அதாவது எல்லாரும் 'போர்டு' என்று சொல்லும் இடத்தில் நடக்கிறது. அவனுக்கு நடந்த கொடுமை, குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தின் சிறப்பு நீதிமன்றத்துக்குப் போகும். இரண்டும் தனித்தனிக் கட்டு. முதல் வழக்கில் அவன் குற்றம் செய்தவன் என்றே முடிவானாலும், இரண்டாவதில் அவன் பாதிக்கப்பட்ட குழந்தை என்பதில் எள்ளளவும் மாற்றம் வராது.

சட்டம் இங்கே இல்லப் பணியாளர் மேல் கூடுதல் கடுமையோடு இருக்கிறது. போக்சோ சட்டத்தின் 5(டி) பிரிவு, கூர்நோக்கு இல்லம் போன்ற காவல் இடங்களின் நிர்வாகத்தில் அல்லது பணியில் இருப்பவர் அங்குள்ள குழந்தையிடம் செய்யும் ஊடுருவல் குற்றத்தைத் தீவிர வகையில் வைக்கிறது. 2019 ஆகஸ்ட் 16-க்குப் பிறகு நடந்தது என்றால் தண்டனை குறைந்தது 20 ஆண்டு, ஆயுள் முழுக்கச் சிறை வரை போகலாம், மரண தண்டனைக்கும் இடம் உண்டு. அதற்கு முன் நடந்தது என்றால் குறைந்தது 10 ஆண்டு. ஊடுருவல் இல்லாத பாலியல் தாக்குதல் 9(டி)-யில் வரும். 5 முதல் 7 ஆண்டு. பாதிக்கப்பட்டவர் ஆணா பெண்ணா என்று போக்சோ பார்ப்பதில்லை. "பையனுக்கு என்ன ரேப் கேஸு" என்று யாராவது சொன்னால் அவர் சட்டத்தைப் படிக்கவில்லை என்று பொருள்.

புகாரை எங்கே கொடுப்பது? இல்லத்துக் கண்காணிப்பாளரிடம் போய் அனுமதி கேட்க வேண்டாம். அங்கே சொல்லலாம், ஆனால் அங்கே மட்டும் சொல்லிவிட்டு வீடு திரும்புவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. "விசாரிக்கிறோம்" என்பார்கள். அடுத்த முறை பார்க்கப் போகும்போது பையன் வாயே திறக்க மாட்டான். நம் பக்கத்துப் பையன்கள் வெளி மாவட்டத்து இல்லத்தில் வைக்கப்படுவது சகஜம். சம்பவம் சேலத்தில் நடந்து குடும்பம் பென்னாகரத்திலோ தேன்கனிக்கோட்டையிலோ இருந்தாலும், புகாரைச் சொந்த ஊர்ப் பக்கமே கொடுக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு, எல்லை பார்க்காமல் புகாரைப் பதிய வேண்டும் என்கிறது. இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறார்கள். பதிந்த பிறகு அது சம்பவ இடத்துக் காவல் நிலையத்துக்கு மாற்றப்படும். வழக்கும் அந்த மாவட்டச் சிறப்பு நீதிமன்றத்தில்தான் நடக்கும். ஓசூர்க்காரப் பையன் பெங்களூர் இல்லத்தில் இருந்தாலும் இதே வழிதான். போக்சோ புகார்கள் பெரும்பாலும் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் பதியப்படுகின்றன. பெயரில் மகளிர் இருப்பதால் பையன் புகாரை எடுக்க மாட்டார்கள் என்று நினைத்துத் திரும்பிவிட வேண்டாம். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். எஃப்.ஐ.ஆர். போடாமல், புகார் வந்தது என்று மட்டும் காட்டும் சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பப் பார்த்தால், இது அந்த வகைப் புகார் அல்ல என்று சொல்லுங்கள். போக்சோ தகவலைப் பதிய மறுப்பதே 21-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை தரக்கூடிய குற்றம்.

மறுத்தால் அடுத்த படி எஸ்.பி.க்கு எழுத்தில், பதிவுத் தபாலில் புகார். அதோடு நிற்க வேண்டாம். போக்சோ 33(1) பிரிவின்படி நீங்கள் நேரடியாகக் கொடுக்கும் புகாரையும் சிறப்பு நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். தொலைபேசி எண் 15100. குழந்தை உதவி எண் 1098 இரவிலும் எடுக்கும்.

புகாரில் என்ன எழுதுகிறோம் என்பதில்தான் பாதி வழக்கு இருக்கிறது. "வார்டன் தவறாக நடந்துகொண்டார்" என்று எழுதினால் அது சீண்டல் பிரிவில், அதிகபட்சம் மூன்று ஆண்டுத் தண்டனையில் போய் நிற்கும். கூச்சத்தில் குடும்பமே அப்படித்தான் சொல்லும். எழுதுபவரும் அப்படியே எழுதிக்கொள்வார். உடலின் எந்தப் பாகம், எதைச் செய்தார், எதைச் செய்ய வைத்தார் என்பது பிள்ளை சொன்ன சொற்களிலேயே இருக்க வேண்டும். வாய்வழி, ஆசனவாய் வழி, பொருளை நுழைப்பது, எவ்வளவு சிறிதாக இருந்தாலும், எல்லாமே ஊடுருவல்தான். தேதி நினைவில்லை என்றால் தீபாவளிக்கு முன்னாடி, போர்டுக்குக் கூட்டிப்போன மறுநாள், புதுப் பையன் வந்த வாரம் என்று எழுதுங்கள். பொய்த் தேதி ஒன்றைப் போட்டுவிட்டால் குறுக்கு விசாரணையில் அதைப் பிடித்தே இழுப்பார்கள். எந்த அறை, எந்த ஷிப்ட், அப்போது கூட இருந்தவர் யார், பிறகு யாரிடம் சொன்னான், அவர் என்ன பதில் சொன்னார் என்பதும் வேண்டும். தெரிந்தும் சொல்லாமல் விட்ட பணியாளரும், தன் கீழ் வேலை செய்பவர் செய்ததை மறைத்த பொறுப்பாளரும் 21-ஆவது பிரிவில் வருகிறார்கள். பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை. சொல்லாமல் இருந்ததற்காகப் பிள்ளை மேல் எந்த வழக்கும் வராது.

சம்பவம் நடந்து நான்கு நாட்களுக்குள் என்றால் மருத்துவப் பரிசோதனைதான் முதல் வேலை. எஃப்.ஐ.ஆர். வேண்டும், கோர்ட் கடிதம் வேண்டும் என்று எந்த மருத்துவமனையும் கேட்கக் கூடாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கு நேரே போகலாம். 96 மணி நேரம் வரை மாதிரிகள் எடுக்கலாம் என்பது மருத்துவ வழிகாட்டுதல். அதற்குள் குளிக்காமல், துணி துவைக்காமல் இருந்தால் நல்லது. குளித்துவிட்டான் என்பதற்காகப் போகாமல் இருக்கவும் கூடாது. அன்று போட்டிருந்த உள்ளாடையை நிழலில் உலர்த்தி, காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் வேர்த்துத் தடயம் கெடும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். பையன் இன்னும் இல்லத்தில் இருந்தால் அந்த 28 நாள் மாத்திரையை யார் கொடுக்கிறார்கள் என்பதையும் கேட்டு வையுங்கள், பத்தாம் நாளோடு நின்றுபோவது உண்டு. மாதங்கள் கழிந்த பிறகு பரிசோதனையில் ஒன்றும் தெரியாது. அதனால் வழக்கு சாகாது. பிள்ளையின் வாக்குமூலம் நம்பும்படி இருந்தால் அதுவே போதும் என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன.

சிக்கலானது, பிள்ளை இன்னும் உள்ளே இருக்கும்போதுதான். புகார் கொடுத்த அன்றே போர்டில் ஒரு மனு போட வேண்டும். அதில் மூன்று கோரிக்கை: பிள்ளையை வேறு இல்லத்துக்கு மாற்ற வேண்டும் அல்லது ஜாமீனில் விட வேண்டும், குற்றம் சாட்டப்பட்டவர் அந்த இல்லத்துப் பக்கம் வரக் கூடாது, சி.சி.டி.வி. பதிவு, பணி நேரப் பட்டியல், வருகைப் பதிவேடு, மருத்துவக் குறிப்பேடு எல்லாவற்றையும் பாதுகாத்து வைக்க உத்தரவிட வேண்டும். கேமராப் பதிவுகள் சில வாரங்களில் தானாகவே மேலெழுதப்பட்டுவிடும். போலீஸ் கேட்கும் வரை காத்திருந்தால் "ஹார்ட் டிஸ்க் ஃபுல் சார்" என்ற பதில்தான் மிஞ்சும். ஜாமீனுக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 12-ஆவது பிரிவைச் சொல்லுங்கள். வெளியே விட்டால் தெரிந்த குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், பிள்ளைக்கு ஆபத்து, அல்லது நீதியின் நோக்கமே கெடும் என்று நம்பக் காரணம் இருந்தால்தான் போர்டு மறுக்க முடியும். இங்கே ஆபத்து உள்ளேதான் இருக்கிறது. ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் ஏழு நாளாக உள்ளேயே இருந்தால், நிபந்தனையை மாற்றப் போர்டு முன் நிறுத்த வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. இதைப் பலர் கேட்பதே இல்லை.

வாக்குமூலத்தை இல்லத்து அலுவலக அறையில், கண்காணிப்பாளர் முன்னால் எடுக்க ஒத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளை வீட்டில், அல்லது அவன் விரும்பும் இடத்தில், சீருடை போடாத அதிகாரி, கூடுமானவரை உதவி ஆய்வாளருக்குக் குறையாத பெண் அதிகாரி, அவன் நம்பும் ஒருவர் உடனிருக்க எடுக்க வேண்டும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசும் பிள்ளைகள் நிறைய. தமிழில் தடுமாறிச் சொல்வதைத் தமிழில் எழுதிவிட்டால் பிறகு முரண்பாடு என்பார்கள். மொழிபெயர்ப்பாளர் கேட்பது 26-ஆவது பிரிவு தரும் உரிமை. போலீஸ் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் சொல்ல வேண்டும். அந்தக் குழுவிடம் 'ஆதரவு நபர்' ஒருவரைக் கேளுங்கள். வழக்கு முடியும் வரை கூட வருவது அவர் வேலை. போலீஸ் விசாரணையை இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் மாதக்கணக்கில் நீளும்போது இந்த வரியைச் சுட்டிக்காட்டி மனு போடலாம்.

செய்தது பணியாளர் அல்ல, உள்ளே இருக்கும் பெரிய பையன் என்றால்? அவனும் 18-க்குக் கீழ் என்றால் அவன் வழக்கும் போர்டுக்கே போகும். 16-க்கு மேல், கொடிய குற்றம் என்றால், அவனைப் பெரியவரைப் போல விசாரிக்கலாமா என்று பார்க்கும் முதல்நிலை மதிப்பீடு நடக்கும். ஆனால் அதோடு கட்டை மூடிவிட விடாதீர்கள். இரவுப் பணியில் இருந்தவர் எங்கே போனார், ஏற்கனவே புகார் வந்ததா, சின்னப் பையனையும் பெரியவனையும் ஏன் ஒரே அறையில் போட்டார்கள் என்பதெல்லாம் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆவது பிரிவு. குழந்தையைப் பராமரிக்கும் நிறுவனத்துப் பணியாளர் என்றால் ஐந்து ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். மாதம் ஒரு முறை போர்டும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆய்வுக் குழுவும் இல்லத்தைப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். அந்த அறிக்கைகளின் நகலைக் கேட்டால் பல விஷயம் வெளியே வரும், சில நேரம் அறிக்கையே இல்லை என்பதும் வெளியே வரும்.

இப்போது 25, 30 வயதாகிவிட்டவர்களுக்கும் வழி மூடவில்லை. மூன்று ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றத்துக்குக் காலக்கெடு கிடையாது. 2012 நவம்பர் 14-க்குப் பிறகு நடந்தது என்றால் போக்சோ. அதற்கு முன் என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டம், பையன்களுக்கு 377. தாமதம் ஏன் என்பதைப் புகாரிலேயே சொல்லிவிடுங்கள். அப்போது யாரிடம் சொன்னீர்கள், கூட இருந்த பையன்களில் இப்போது பேசத் தயாராக இருப்பவர் யார் என்பதுதான் இங்கே சாட்சி. போர்டு ஆவணங்கள் சட்டப்படி அழிக்கப்படக்கூடியவை என்பதால், நீங்கள் அந்தத் தேதியில் அங்கே இருந்தீர்கள் என்பதற்கான சான்றுநகலை முதலில் தேடுங்கள்.

காக்கிச் சட்டைக்காரர்கள் மேல் கேஸ் எங்கே நிற்கும் என்று கேட்பவர்களுக்கு அரூர் பக்கத்து வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20-இல் 18 பெண்கள் வல்லுறவுக்கு ஆளானார்கள். 2011 செப்டம்பர் 29-இல் தர்மபுரி நீதிமன்றம் உயிரோடு இருந்த 215 பேரையும், வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்களை, குற்றவாளிகள் என்றது. 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, வல்லுறவுக்கு ஆளான பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் தரச் சொன்னது. அவ்வளவு காலம் யாரும் காத்திருக்கக் கூடாதுதான். ஆனால் நிற்காது என்பது உண்மையில்லை.

பண விஷயம். சாப்பாடு, போக்குவரத்துச் செலவுக்கு உடனடி நிவாரணம் குழந்தைகள் நலக் குழு வழியாகக் கேட்கலாம். எஃப்.ஐ.ஆர். பதிந்ததும் சிறப்பு நீதிமன்றத்தில் இடைக்கால இழப்பீட்டு மனு போடலாம். தீர்ப்பு வரும் வரை இருக்க வேண்டியதில்லை. குற்றவாளி விடுதலையானாலும், யார் என்றே தெரியாமல் போனாலும், பிள்ளைக்குப் பாதிப்பு உண்டு என்று நீதிமன்றம் கருதினால் இழப்பீடு தரலாம் என்று 2020 போக்சோ விதிகள் சொல்கின்றன. உத்தரவு கிடைத்த 30 நாளில் பணம் தர வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளை என்றால், குற்றம் செய்தவர் அந்தச் சமூகங்களைச் சேராதவராக இருக்கும்போது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் சேர்க்கச் சொல்லி சாதிச் சான்றிதழை முதல் நாளே கொடுங்கள். விசாரணை டி.எஸ்.பி. கைக்குப் போகும், நிவாரணமும் தனி. சித்தேரி மலைப் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் இல்லாமலே இது நழுவிவிடுகிறது.

அரசின் பாதுகாப்பில் இருந்தபோது நடந்தது என்பதால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டு அரசிடமே இழப்பீடு கேட்கலாம். இரண்டு மாவட்டமும் சென்னை அமர்வுக்குள் வருகின்றன, மதுரைக்கு ஓட வேண்டாம். மாநில மனித உரிமை ஆணையத்துக்குக் கட்டணம் இல்லை, ஆனால் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். சிவில் வழக்கு எங்கள் பார்வையில் கடைசி வழி: அரசுக்கு இரண்டு மாத நோட்டீஸ், நீதிமன்றக் கட்டணம், காலக்கெடு என்று இழுக்கும். எந்த வழியில் போனாலும் இழப்பீடு பெரும்பாலும் பிள்ளை பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்குத்தான் வரும். கணக்கு இல்லாமல் உத்தரவு மட்டும் கையில் இருக்கும் குடும்பங்கள் உண்டு. ஆதாரில் பெயர், பிறந்த தேதி சரியாக இருக்கிறதா என்று பார்த்து, எஃப்.ஐ.ஆர். பதிந்த வாரத்திலேயே கணக்குத் தொடங்கிவிடுங்கள்.