ஆயா இல்லாத கார்த்திகைப் பௌர்ணமி

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் அம்மாவைப் பெற்றவளை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். பாட்டி என்று சொன்னால் வேறு யாரையோ சொல்வது போல இருக்கும். என் ஆயா இந்த ஆனி மாதம் தவறிப்போனாள். அவளுக்கு வயது 84. எனக்கு 36.

வயதை முதலிலேயே சொல்லிவிட்டேன். சாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது அதைத்தான். 84 என்றதும் அவர்கள் முகம் தெளிந்துவிடும். "கல்யாண சாவும்மா. கொள்ளுப்பேரன் வரைக்கும் பாத்துட்டுப் போயிருக்கு. கொடுத்து வெச்ச மகராசி." மேளம் வைத்தார்கள், பூப்பல்லக்கு கட்டினார்கள். ஆயாவுக்கு அது பிடித்திருக்கும், அதில் எனக்குக் குறையே இல்லை. நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டபோது நானும் போய் நின்றேன். சுற்றி நின்றதெல்லாம் ஆறு வயதும் எட்டு வயதுமான வாண்டுகள், என் மாமா பிள்ளைகளின் பிள்ளைகள். பந்தத்தோடு சுற்றி வரும்போது நெய் சொட்டி என் புறங்கையில் விழுந்தது. குழந்தைகளை யாரோ தூக்கிக்கொண்டு போய் சமாதானப்படுத்தினார்கள். என்னிடம் வந்தவர்கள், "நீ பெரியவ, அம்மாவைப் பாத்துக்கோ" என்றார்கள்.

பெண் வழிப் பேத்திக்கு மூன்று நாள் தீட்டுதான் என்று உறவில் ஒரு பெரியவர் கணக்குச் சொன்னார். வேலை செய்கிற இடத்தில் தாத்தா பாட்டிக்கெல்லாம் துக்க லீவு கிடையாது என்றார்கள். சொந்த லீவில் இரண்டு நாள் எடுத்துக்கொண்டு, மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்து மதிய ஷிப்டுக்குப் போனேன். யாரும் கெட்ட மனதோடு எதையும் சொல்லவில்லை. ஆனால் ஒரு மாதம் கழித்து ஒருநாள் பேருந்தில் பக்கத்தில் வெற்றிலை வாசம் வந்தபோது என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. ஏம்மா என்று கேட்ட கண்டக்டரிடம் "ஆயா செத்துட்டாங்க" என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. 36 வயதில் ஆயாவுக்காக அழலாமா என்று நானே எனக்குள் கேட்டுக்கொண்ட கூச்சம் அது.

என்னை வளர்த்தது ஆயாதான். நைனாவும் அம்மாவும் வேலைக்குப் போனதால் எனக்குத் தலை வாரியது, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனது எல்லாம் அவள். நான் வேலைக்குப் போனபிறகும் ஷிப்ட் முடிந்து பதினொன்றரைக்கு வந்தால் வீட்டில் ஒரே ஒரு விளக்கு எரியும். ஆயா உட்கார்ந்திருப்பாள். "தூங்க வேண்டியதுதானே?" என்றால், "சோறு ஆறிடுச்சு, இரு, ரசத்தைச் சுட வைக்கிறேன்" என்பாள். அவளுக்கு இருந்த ஒரே ஊர் திருவொற்றியூர். காசி, ராமேஸ்வரம் எதுவும் போனதில்லை. வடிவுடையம்மனும் அந்தப் புற்றுச் சாமியும் போதும் அவளுக்கு. கால் நன்றாக இருந்த காலத்தில் பௌர்ணமியன்று காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சியில் வடிவுடையம்மன், மாலையில் வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று ஒரே நாளில் மூன்று அம்மனையும் பார்த்துவிட்டு வருவாள். இச்சை, ஞானம், கிரியை என்று மூன்று சக்திகள் என்பார்கள். ஆயா "அக்கா தங்கச்சிங்க மூணு பேரு" என்பாள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருவொற்றியூர் மூலவர் ஆதிபுரீஸ்வரர் புற்று வடிவில் தானாகத் தோன்றியவர். மண் என்பதால் அபிஷேகம் கிடையாது. வருடம் முழுக்கக் கவசத்துக்குள் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசத்தை எடுத்துவிட்டு, புனுகும் ஜவ்வாதும் சாம்பிராணித் தைலமும் சாத்துவார்கள். அந்த மூன்று நாளில்தான் சுவாமியின் திருமேனியைப் பார்க்க முடியும். ஆயா ஒரு வருடம்கூடத் தவறவிட்டதில்லை.

போன வருடம் நான்தான் கூட்டிப் போனேன். 2021இல் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டதில் ஆயாவுக்கு அவ்வளவு சந்தோஷம். தண்டையார்பேட்டையில் ஏறி திருவொற்றியூர் தேரடியில் இறங்கிவிடலாம். பாதி வழியில் ரயில் தரைக்கு அடியிலிருந்து மேலே வரும். கண் அப்போதே ரொம்ப மங்கிவிட்டது அவளுக்கு. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் முகத்தைத் தூக்கி, "வெளிச்சம் வந்துடுச்சில்ல?" என்று கேட்பாள்.

கோயிலில் வரிசை தெரு வரைக்கும் வந்திருந்தது. அரை மணி நேரம் நின்றிருப்பாள், கால் நடுங்க ஆரம்பித்துவிட்டது. உள்ளே மண்டபத்தில் ஒரு தூண் ஓரமாக உட்கார வைத்தேன். "நீ போய்ப் பாத்துட்டு வாம்மா. உன் கண்ணால நான் பாத்துக்கறேன்" என்றாள். எனக்கு மனசே இல்லை. போய்ப் பார்த்துவிட்டு ஓட்டமாகத் திரும்பி வந்தேன். ஆயா என்னைக் கீழே உட்காரச் சொன்னாள். இரண்டு கையாலும் என் கன்னத்தைப் பிடித்து, முகத்தைக் கிட்டே இழுத்து, என் கண்ணையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை காய்ப்புக் காய்ந்து சொரசொரவென்று இருக்கும். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்புறம், "பாத்துட்டேன். வா, போலாம்" என்றாள்.

சுந்தரர் கதையை அன்றைக்குத் திரும்பும்போதும் சொன்னாள். சங்கிலி நாச்சியாரை இந்த ஊரில் மகிழ மரத்தடியில் சத்தியம் செய்து கல்யாணம் பண்ணிக்கொண்டவர், சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டினதும் இரண்டு கண்ணும் போயிற்று. காஞ்சிபுரத்தில் ஒரு கண், திருவாரூரில் ஒரு கண் என்று சிவன் திருப்பிக் கொடுத்தார். "எனக்கு இங்கியே இருக்கு ரெண்டும்" என்று என் தோளைத் தட்டினாள்.

இந்த வருடம் தனியாகப் போனேன். அம்மா வரவில்லை. தலை திவசம் முடிகிற வரைக்கும் கோயில் விசேஷம் எதற்கும் போவதில்லை என்று இருக்கிறாள். ஆயாவின் மஞ்சப்பையை எடுத்துக்கொண்டேன். அதில் நல்லெண்ணெய் பாட்டில் ஒன்று, அடியில் எண்ணெய் கொஞ்சம் மிச்சம் இருந்தது. திரிக்கட்டு. சுருக்குப்பை. சுருக்குப்பைக்குள் மூன்று ஒரு ரூபாய் நாணயங்களும், காய்ந்த வெற்றிலைக் காம்பும், நாலாக மடித்த திருநீற்றுப் பொட்டலமும். பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. மூக்கருகே கொண்டுபோனதும் தைல வாசம் லேசாக வந்தது.

மெட்ரோ மேலே வந்த இடத்தில் ஜன்னல் முழுக்க வெயில். கண்ணை மூடிக்கொண்டேன்.

விடியற்காலையில் கிளம்பியும் இரண்டரை மணி நேரம் வரிசையில் நின்றேன். இந்தக் கோயில் வரிசையில் நிற்பது எனக்கு எப்போதும் பிடிக்கும். கருவறையின் பின்பக்கம் யானை முதுகு போல வளைந்திருக்கும். ராஜேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லில் எடுத்த விமானம் அது. 27 நட்சத்திரத்துக்கும் 27 லிங்கங்கள் இருக்கின்றன. ஆயா தன் நட்சத்திர லிங்கத்துக்கு ஒரு விளக்கு வைப்பாள், பிறகு என் நட்சத்திரத்துக்கு வைப்பாள்.

உள்ளே ஒரு நிமிடம்கூட நிற்க விடவில்லை. "நகருங்க, நகருங்க" என்று பின்னாலிருந்து நெருக்குகிறார்கள். ஆனாலும் பார்த்தேன். தீபத்தைத் தூக்கிக் காட்டியபோது தைலம் பட்ட மேனி கருத்து மினுமினுத்தது. வழுவழுவென்று செதுக்கின லிங்கம் போல இல்லை. மண் மேடு, மேலும் கீழுமாகத்தான் இருக்கிறது. பிரளய வெள்ளத்தையே விலகி நில் என்று ஒற்றி வைத்ததால் ஒற்றியூர் என்று பெயர் வந்ததாகத் தலபுராணம் சொல்கிறது. அவ்வளவு பெரிய சாமி வருடத்தில் மூன்று நாள் இப்படி மண்ணாக, எதையும் போர்த்திக்கொள்ளாமல் இருக்கிறார். எனக்கு வேண்டிக்கொள்ள ஒன்றும் தோன்றவில்லை. ஆயா வரல சாமி, நான் வந்திருக்கேன் என்று மட்டும் மனதுக்குள் சொன்னேன்.

அம்மன் சன்னதியில் கூட்டம் கொஞ்சம் குறைவு. அர்ச்சனைத் தட்டைக் கொடுத்ததும் குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்டார். எங்கள் வீட்டில் எப்போதும் ஆயா பெயரைத்தான் முதலில் சொல்வோம். பழக்கத்தில் ஆயா பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லிவிட்டேன். அவர் சங்கல்பத்தை ஆரம்பிக்கப் போனார். "சாமி, அவங்க... அவங்க இல்ல" என்றேன். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. அவர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். "யாரும்மா?" என்றார். "ஆயா" என்றேன். வயது என்ன என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. "உங்க பேர் சொல்லுங்கோ" என்று மெதுவாகக் கேட்டார். அர்ச்சனை முடிந்து குங்குமத்தோடு அம்மன் மேலிருந்த ஒரு முழம் பூவையும் எடுத்துக் கொடுத்தார்.

இந்த அம்மனைப் பற்றி ஆயா அடிக்கடி சொல்கிற கதை ஒன்று உண்டு. ராமலிங்க அடிகள் சென்னையில் ஏழுகிணறு பக்கம் அண்ணன் வீட்டில் இருந்த இளம் வயதில் திருவொற்றியூருக்கு நடந்தே வருவாராம். ஒருநாள் ராத்திரி வெகு நேரம் கழித்துத் திரும்பியவர், வீட்டில் எல்லாரும் தூங்கிவிட்டதால் பசியோடு திண்ணையிலேயே படுத்துவிட்டார். அண்ணி எழுப்பிச் சோறு போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அண்ணி மறுபடி வந்து சாப்பிடக் கூப்பிட்டபோதுதான், முதலில் வந்தது வடிவுடையம்மன் என்று தெரிந்தது. ரசத்தைச் சுட வைத்துக்கொண்டே இதை எத்தனை ராத்திரி எனக்குச் சொல்லியிருக்கிறாள்! நான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே உம் கொட்டுவேன்.

வெளியே வரும்போது அந்தத் தூணிடம் போனேன். வேறு யாரோ ஒரு குடும்பம் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். அங்கே உட்கார்ந்து ஆயா பாட்டிலில் இருந்த மிச்ச எண்ணெயை அகலில் ஊற்றித் திரி போட்டேன். அவள் நட்சத்திர லிங்கத்தில் வைக்கலாமா கூடாதா என்று யாரையும் கேட்கவில்லை. வைத்துவிட்டு வந்தேன்.

அப்புறம் ஆட்டோ பிடித்துப் பட்டினத்தார் சமாதிக்குப் போனேன். கோயிலுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் இங்கே வருவதில்லை, வர வேண்டும் என்று நான் சொல்வேன். கடல் பக்கத்தில்தான் இருக்கிறது. வழியெல்லாம் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள். கரையில் கடல் அரிக்காமல் இருக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். பட்டினத்தார் கையில் வைத்திருந்த கசப்பான பேய்க்கரும்பு இனித்த இடம் இது, இங்கேயே லிங்கமாகிவிட்டார் என்பார்கள். உள்ளே அவ்வளவு கூட்டமில்லை. லிங்கத்தின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார முடிந்தது.

பெரிய வணிகர், சொத்தையெல்லாம் விட்டு வந்தவர். காதற்ற ஊசிகூடக் கடைசியில் கூட வராது என்று தெரிந்துகொண்டவர். ஆனால் தாய் இறந்த செய்தி தெரிந்ததும் மயானத்துக்கு வந்து நின்றார். காய்ந்த விறகு அவள் உடம்பைச் சுடும் என்று பச்சை வாழை மட்டையை அடுக்கி, பாடியே தீ மூட்டினார் என்பது கதை. பத்து மாதம் சுமந்ததை, தொட்டிலில் ஆட்டியதை எல்லாம் சொல்லிச் சொல்லி அழுகிற பாட்டு. எங்கள் பக்கத்துச் சாவு வீடுகளில் இன்றைக்கும் ஒலிபெருக்கியில் போடுவார்கள். ஆயாவுக்கும் போட்டார்கள்.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்தத் தாய்க்கும் வயதாகித்தானே இருக்கும்? வளர்ந்து, வியாபாரம் செய்து, துறவியும் ஆகிவிட்ட மகனின் அம்மா. நிறைவான சாவு என்று அவரிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். அவர் கேட்டுக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் விட்ட அந்த மனுஷன், வளர்ந்த ஆள், அம்மா அம்மா என்று அழுதிருக்கிறார்.

நான் அங்கே நன்றாக அழுதேன். சத்தம் வந்தது. தூரத்தில் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். வெளியே வந்து கல் மேல் கொஞ்ச நேரம் நின்றேன். முகம் கழுவ வேண்டும் என்று தோன்றவில்லை, உப்புக் காற்றிலேயே காய்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டு. அம்மா தரையில் முறத்தை வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அம்மன் பூவையும் திருநீற்றையும் கொடுத்தேன். "கூட்டமா? நல்லா பாத்தியா?" என்று கேட்டாள்.

பையைக் கீழே வைத்துவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"அம்மா, என் மூஞ்சியைப் பிடிச்சு என் கண்ணைப் பாரேன்."

"இன்னாடி?"

"பாரேன்."

அம்மாவுக்கு அந்தத் தூண் விஷயம் தெரியாது. ஆயா அவளிடம் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. முறத்தைத் தள்ளி வைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். கீரை வாசத்தோடு அந்த இரண்டு கையும் என் கன்னத்துக்கு வந்தன.