நெய்வேலி மண்மேடும் மழைத்தண்ணீரும்

சுரங்கம் என்றாலே எல்லாரும் குழியைத்தான் பார்க்கிறார்கள். நெய்வேலிப் பக்கம் போனால் என் கண் மேட்டுக்குத்தான் போகும். பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடந்த மண்ணைத் தோண்டிக் கொட்டிய மேடு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதன் சரிவைப் பாருங்கள். முதலில் விரல் அகலத்துக்கு ஒரு கீறல், அடுத்த மழையில் கால் புதையும் ஓடை, அப்புறம் ஆள் இறங்கி நிற்கும் பள்ளம். கரைந்த மண்ணெல்லாம் கீழே இருக்கும் வாய்க்காலுக்கும் வயலுக்கும் கிளம்பிவிடும்.

அதனால்தான் மேட்டை ஒரே சரிவாக விடாமல் படிப்படியாக அமைக்கச் சொல்கிறார்கள். ஒவ்வொரு படியும் உள்பக்கமாக லேசாகச் சாய்ந்திருந்தால் தண்ணீர் விளிம்பில் வழியாது. மேட்டடியைச் சுற்றி ஒரு வாய்க்கால், அது முடியும் இடத்தில் வண்டல் படிய ஒரு குட்டை. குட்டையைத் தூர்வாராவிட்டால் இத்தனையும் வீண். (தூர்வாரும் செலவில்தான் எப்போதும் முதலில் கைவைப்பார்கள்!)

நெய்வேலிக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஆர்ட்டீசியன் நீர். இரவு பகலாக இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்துவிடும். இறைத்தால் எங்கள் கிணறு வற்றுகிறது என்று சுற்றுவட்டார விவசாயிகள் கேட்கிறார்கள்.

சரி, நிலத்தை மீட்பது? மரக்கன்று நட்டுப் படமெடுப்பது சுலபம். மேல்மண்ணைத் தனியாக எடுத்து வைத்துத் திரும்பப் பரப்பியிருக்க வேண்டும். அடிமண்ணில் இலைதழை மக்கிய சத்து என்று எதுவும் இருக்காது. தொழுவுரம் போட்டு, பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து, மடக்கி உழுது, சில வருடம் பொறுத்த பிறகுதான் நெல்லைப் பற்றிப் பேசலாம்.