தசை துடித்த இடம்

தோளுக்கு மேலே ஊசி இறங்கியதும் தசை தானாகவே ஒருமுறை வெட்டி இழுத்தது.

"பயப்பிடாதேங்கோ அக்கா, அதுதான் சரியான இடம்" என்றார் பிசியோதெரபி செய்யும் தங்கச்சி.

இறுகிப்போன தசையில் ஊசி குத்தும் 'ட்ரை நீட்லிங்' (dry needling) சிகிச்சை இது. மயிரிழை போல மெல்லிய ஊசி. மருந்து எதுவும் உள்ளே போவதில்லை. ஆனால் அது தொட்ட நொடியில், கழுத்தில் இருந்து நெற்றிப்பொட்டு வரை இவ்வளவு நாளும் ஏறிக்கொண்டிருந்த அதே நோ அப்படியே கிளம்பியது. தலையிடி என்று நினைத்து நான் குளிசை போட்டதெல்லாம் இந்தத் தோள் தசைக்குத்தான்!

மருந்தே இல்லாமல் ஊசி குத்துவதாலேயே நோ குறையும் என்று செக் மருத்துவர் காரெல் லெவிட் 1979இல் எழுதியிருக்கிறார்.

இரண்டொரு நாள் அந்த இடம் கன்றிப்போன மாதிரி நோகும். பரவாயில்லை. ஆனால் அந்தத் தசைக்குக் கீழேதான் நுரையீரலின் நுனி இருக்கிறது. பயிற்சி பெற்றவர் கையில் மட்டுமே செய்யவேண்டும்.

ஊசி தரும் சுகம் கொஞ்சக் காலத்துக்குத்தான். நாடியை (மோவாயை) உள்ளே இழுத்துப் பிடிப்பது, தோள்பட்டைகளைப் பின்னால் சேர்ப்பது என்று தினமும் செய்யும் பயிற்சிதான் நின்று பலன் தருகிறது.

வெள்ளவத்தைக்குத் திரும்பிய பஸ்ஸில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் போனுக்குள் குனிந்தபடி. இவர்களுக்கும் இந்தக் கழுத்து நோ வருமோ என்று மனசு கேட்கவில்லை.

கழுத்து நோவோடு கை விறைத்தாலோ, பிடி தளர்ந்தாலோ ஊசியைத் தேடாதீர்கள். முதலில் டொக்டரிடம் போங்கள்.