பத்தாம் வகுப்புத் தேர்வுச் சலுகை: வேலை ஒன்பதாம் வகுப்பு ஜூனிலேயே தொடங்க வேண்டும்

கற்றல் குறைபாடு, பார்வைக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சலுகை உண்டு என்பது எல்லாப் பள்ளிகளுக்கும் தெரியும். தேவையைப் பொறுத்து, சொல்வதை எழுத ஒருவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாடத்தில் விலக்கு, தரைத்தளத்தில் அறை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவே கூடுதல் நேரத்தையும் எழுதுபவரையும் மொழி விலக்கையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இருந்தும் அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போதுதான் "அந்தப் பையனுக்கு ஏதாவது பண்ண முடியுமா?" என்று சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கும் வட்டார வள மையத்துக்கு போன் வருகிறது. அப்போது கையில் மிஞ்சுவது காகித வேலை மட்டும்தான். அதுவும் பாதியில் நிற்கும். அரசு உயர்நிலைப் பள்ளிகளில் சிறப்புப் பயிற்றுநர்களாக இருந்து இதை முடித்த வழியை, சறுக்கும் இடங்களோடு எழுதுகிறோம்.

முதலில் சான்று. கற்றல் குறைபாட்டுக்கு, மத்திய அரசின் வழிகாட்டுதல்படி 8 வயது நிறைந்த பிறகே சான்று தருவார்கள். 14 வயதில் மறுமதிப்பீடு, 18 வயதில் இன்னொன்று. 14 என்பது சரியாக ஒன்பதாம் வகுப்பு. தொடக்கப் பள்ளியில் வாங்கிய சான்றை பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கும் பெற்றோர் மாட்டிக்கொள்வது இங்கேதான். மதிப்பீடும் ஒரே நாளில் முடிகிற காரியம் இல்லை. கண், காது பரிசோதனை, பிறகு அறிவுத்திறன் தேர்வு, அதற்குப் பிறகுதான் கற்றல் குறைபாட்டைக் கண்டறிய பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் உருவாக்கிய சோதனைத் தொகுதி. இடையில் கண்ணாடி தேவை என்று தெரிந்தால், கண்ணாடி வாங்கிப் போட்டுப் பழகிய பிறகே அடுத்த கட்டம். ஜூனில் ஆரம்பித்தால்தான் மூச்சுவிட நேரம் இருக்கும்.

அடுத்தது பெயர். எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவர இணையதளம்), ஆதார், மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை மூன்றிலும் இனிஷியல் முன்னா பின்னா என்பதில் தொடங்கி, ஆங்கில எழுத்துக்கூட்டல், பிறந்த தேதி வரை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒரு எழுத்து மாறினாலும் விண்ணப்பம் திரும்பும். குறைபாட்டின் வகை எமிஸில் பதிவாகியிருக்கிறதா என்பதையும் அதே உட்காரலில் பார்த்துவிடலாம். தலைமை ஆசிரியர் அனுப்பும் சலுகை விண்ணப்பம், நாமினல் ரோல் (தேர்வு எழுதுவோர் பெயர்ப்பட்டியல்) வேலை முடியும் முன்பே போய்ச் சேர வேண்டும். அனுப்பிய தேதியும் பெற்றுக்கொண்ட முத்திரையும் உள்ள நகல் ஒன்று பள்ளியில் கட்டாயம் இருக்கட்டும். அலுவலகத்தில் ஆள் மாறினால் அந்த நகல்தான் பேசும்.

மொழி விலக்கை எல்லாப் பிள்ளைக்கும் கேட்டு வாங்கிவிடுவது எங்களுக்கு ஏற்புடையது அல்ல. பதினொன்றில் எந்தப் பிரிவு, பாலிடெக்னிக் போகிற எண்ணம் உண்டா என்று பிள்ளையிடமும் வீட்டிலும் பேசுங்கள். 35 மதிப்பெண் எட்டக்கூடிய பிள்ளை என்றால், ஆங்கிலத்தை விடுவதைவிடக் கூடுதல் நேரத்தோடு எழுதுவது பின்னால் உதவும். காது கேளாத பிள்ளைக்கு இரண்டு மொழிகளின் சுமை உண்மையிலேயே பெரியது. அங்கே தயங்காமல் விலக்குக் கேளுங்கள்.

இனி, யாரும் நேரம் ஒதுக்காத பகுதி. எழுத ஒருவர் கிடைத்துவிட்டால் பிள்ளை தேறிவிடும் என்று நினைக்கிறார்கள். சொல்லி எழுதவைப்பது தனித் திறமை. பழக்கமில்லாத பிள்ளை பதிலை ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு நிற்கும். எழுதுபவர் பாதியைப் பிடித்திருப்பார். "எங்கே நிறுத்தினேன்?" என்று கேட்கக்கூடப் பிள்ளைக்குக் கூச்சமாக இருக்கும். நாங்கள் செய்வது இது: ஒன்பதாம் வகுப்பில் வாரம் இருமுறை, பத்து நிமிடம், இரண்டு மதிப்பெண் வினாக்கள் மட்டும். ஆறேழு சொல் சொல்லி நிறுத்த வேண்டும். பேனா நின்ற பிறகு அடுத்த துண்டு. "அடுத்த பத்தி", "இதை அடிக்கோடிடுங்கள்", "கடைசி வரியை வாசியுங்கள்" என்று தயங்காமல் சொல்லப் பழக வேண்டும்.

கணிதத்தில்தான் சிக்கல் அதிகம். "எக்ஸ் பிளஸ் ஒன்று பை இரண்டு" என்று பிள்ளை சொன்னால், எக்ஸும் ஒன்றும் சேர்ந்து மேலே இருக்கிறதா, ஒன்று மட்டுமா என்று எழுதுபவருக்குத் தெரியாது. அவர் கணித ஆசிரியராக இருக்கமாட்டார். திருத்தி எழுதவும் கூடாது. அதனால், "பின்னம் தொடக்கம். மேலே எக்ஸ் கூட்டல் ஒன்று. கோடு. கீழே இரண்டு. பின்னம் முடிந்தது." அடுக்குக்கு "எக்ஸ், தலைமேல் சிறிய இரண்டு". 8 மதிப்பெண் வடிவியல் வினாவையும் இப்படியே வரிசையாகச் சொல்லப் பழக்குங்கள்: எந்தக் கோடு, எத்தனை செ.மீ., காம்பஸ் ஊசி எந்தப் புள்ளியில். காலாண்டில் தெரிந்த ஆசிரியர் எழுதட்டும். அரையாண்டில் பிள்ளைக்கு அறிமுகமே இல்லாத, வேறு பாட ஆசிரியர் ஒருவர் முழுத்தாளும் எழுத வேண்டும். புதிய குரலும் புதிய வேகமும் வரும்போது பதற்றம் எங்கே வருகிறது என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

பாட ஆசிரியர்கள் பக்கம் வருவோம். தொடக்கப் பள்ளியில் ஒரே ஆசிரியர் நாள் முழுக்கப் பிள்ளையைப் பார்ப்பார். உயர்நிலையில் ஐந்து பாடம், ஐந்து பேர். சிறப்புப் பயிற்றுநர் வாரத்தில் ஒரு நாள் வந்தாலே பெரிது. எனவே பிள்ளைக்கு ஒரு பக்கத் தாள் போடுகிறோம்: எங்கே உட்கார வேண்டும், எப்படிக் கேள்வி கேட்க வேண்டும், எதைச் செய்யக் கூடாது. இதை வருகைப் பதிவேட்டில் ஒட்டாதீர்கள். அந்தப் பதிவேடு வகுப்புத் தலைவன் கையில் ஊர் சுற்றும். நாலு பேர் வாசித்தால் பிள்ளை மறுநாள் பள்ளிக்கே வராது. ஆசிரியரின் பாடக் குறிப்பேட்டுக்குள் இருக்கட்டும். ஜூனில் இடமாறுதல் வந்தால், புதியவர் கையில் முதல் வாரமே கொடுங்கள்.

செவித்திறன் குறைபாடுள்ள பிள்ளையின் தாளில் நாங்கள் எழுதும் முதல் வரி: "கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசாதீர்கள்." எழுதி முடித்துத் திரும்பி, வெளிச்சம் முகத்தில் விழும்படி நின்று பேசினால் உதட்டைப் படித்துப் பாதியைப் பிடித்துக்கொள்ளும். கருவி மாட்டியிருப்பதால் கேட்கிறது என்று நம்பவும் கூடாது. பேட்டரி தீர்ந்தும் சொல்லாமல் நாள் கணக்கில் மாட்டிக்கொண்டு வரும் பிள்ளைகள் உண்டு. காதின் பின்னால் மாட்டும் கருவிகளில் பெரும்பாலும் 13 அல்லது 675 எண் பேட்டரி. முதலாவதின் ஸ்டிக்கர் ஆரஞ்சு, அடுத்தது நீலம். ஸ்டிக்கரை உரித்து, காற்றுப் பட ஒரு நிமிடம் விட்டுத்தான் உள்ளே போட வேண்டும். உடனே போட்டால் சீக்கிரம் தீரும். ஒரு அட்டை பேட்டரி பள்ளியில் இருக்கட்டும்.

தனிப்பயிற்சிக்கு விளையாட்டுப் பாடவேளையை எடுக்காதீர்கள். அந்தப் பிள்ளை நாலு பேரோடு சமமாக நிற்கிற நேரம் பெரும்பாலும் அது ஒன்றுதான்.

தேர்வு நாளில் வினாத்தாள் வாசிக்கும் பத்து நிமிடமும் விவரம் சரிபார்க்கும் ஐந்து நிமிடமும் போக, 10.15-க்கு எழுதத் தொடங்கினால் மற்றவர்களுக்கு 1.15-க்கு முடியும், நம் பிள்ளைக்கு 2.15. அறைக் கண்காணிப்பாளருக்கு இது தெரியாமல் 1.15 மணிக்கே தாளைக் கட்டப் பார்ப்பதும், வெளியே போகும் கூட்டத்தின் சத்தத்தில் பிள்ளையே எழுந்துவிடுவதும் நடக்கும். முதல் தேர்வுக்கு முந்தைய நாளே மையத்துக்குப் போய், முதன்மைக் கண்காணிப்பாளரிடம் நேரத்தைச் சொல்லி, நடமாட்டம் இல்லாத மூலையறையைக் கேளுங்கள். பிள்ளையிடம் மூன்று விஷயம் சொல்லி அனுப்புங்கள்: காலையில் வயிறார இட்லி சாப்பிட்டு வா, தண்ணீர் பாட்டிலை மறக்காதே, 1.15 மணி அடித்தால் அது உனக்கான மணி இல்லை.