4.59 செகண்டும் பக்கத்து வீட்டு பாட்டியும்

2021 ஆகஸ்ட்ல இண்டியானா சவுத் பெண்டுக்கு வந்து இறங்கினப்ப எனக்கு தெரிஞ்சது ரெண்டே விஷயம், எஃப்-2 விசால (அங்க படிக்கறவங்களோட வீட்டுக்காரங்களுக்கு தர்றது) வேலைக்கு போகக்கூடாது, பனி ஆரம்பிக்கறதுக்குள்ள நல்ல ஜாக்கெட் வாங்கிடணும். வீட்டுக்காரர் நோட்டர் டேம்ல பிஎச்டி, காலைல லேபுக்கு போனா ராத்திரிதான் வருவாரு, பகல் பூரா நானும் ஃப்ரிட்ஜ் ஓடுற சத்தமும்தான்.

பக்கத்து வீட்டம்மாவுக்கு எழுபது தாண்டிருக்கும். பேர் சொல்லியே கூப்பிடுன்னாங்க, எனக்கு வாய் வரல, பாட்டின்னே கூப்பிட்டேன். ரெண்டு வாரம் பொறுத்து பாத்துட்டு "என் பேரு பேட்டி இல்லையேம்மா"ன்னாங்க! பேட்டிங்கறது அங்க ஒரு பொம்பளப் பேரு. பாட்டிக்கு அர்த்தம் சொன்னதும் அப்படி ஒரு சிரிப்பு, அப்புறம் எனக்கு போன் பண்ணா அவங்களே "பேட்டி பேசுறேன்"னுதான் ஆரம்பிப்பாங்க.

செப்டம்பர் 5, நோட்டர் டேமுக்கு ஃப்ளோரிடா ஸ்டேட் கூட அமெரிக்கன் ஃபுட்பால் மேட்ச், டிவி பாக்க கூப்பிட்டாங்க. "நம்ம சேஃப்டிய பாரு, சேஃப்டிய பாரு"ன்னு கத்துறாங்க, நான் பவுண்டரி ஓரமா நிக்கிற செக்யூரிட்டி ஆளுங்களயே பாத்துட்டு இருக்கேன். அப்புறம்தான் புரிஞ்சது, டிஃபென்ஸ்ல எல்லாருக்கும் பின்னாடி நிக்கிறவன், முன்னாடி எவன் கோட்டை விட்டாலும் இவன் அடைக்கணும். (ரெண்டு பாயின்ட் ஸ்கோர் ஒண்ணுக்கும் சேஃப்டின்னே பேர் வெச்சிருக்கானுங்க, அது வேற கொடுமை.) அந்தப் பையன் கைல் ஹாமில்டன், 6 அடி 4 அங்குலம். நின்னது ஒரு இடம், பந்து போனது மைதானத்தோட அந்தக் கோடி, எப்ப ஓடினான்னே தெரியல, கோட்டுக்கிட்ட போய் லபக்குன்னு புடிச்சான் பாருங்க, எனக்கே கை தட்டத் தோணுச்சு. அன்னிக்கு ரெண்டு புடிச்சான்.

அக்டோபர்ல முட்டில அடி, அந்த சீசன் அதோட முடிஞ்சது. குளிர்காலம் பூரா பாட்டி வீட்ல ஒரே பட்டிமன்றம், இவன் என்எஃப்எல்ல, அதான் காலேஜ் முடிச்சு போற ப்ரொஃபஷனல் லீக்ல, தேறுவானா மாட்டானா. பாட்டி தேறுவான் கட்சி. பேரன் எதிர்க்கட்சி, டிராஃப்ட்ல (டீமுங்க முறை வெச்சு காலேஜ் பசங்கள எடுக்கறது) சேஃப்டிக்கு எவனும் முதல் அஞ்சுல பிக் செலவு பண்ண மாட்டான், கார்னர்பேக்கதான் (ஓரத்துல ரிசீவர ஒட்டியே ஓடி தடுக்கறவன்) எடுப்பான், இவ்ளோ உயரமானவன் சட்டுனு திரும்ப முடியாது, அங்க பந்து புடிக்கிற ரிசீவருங்க எல்லாம் மின்னல் மாதிரி ஓடுவானுங்கன்னு. மார்ச்ல இண்டியானாபொலிஸ் கம்பைன்ல, அதான் டிராஃப்டுக்கு முன்னாடி பசங்களுக்கு வெக்கிற டெஸ்ட்ல, 40 யார்டு ஓட்டம் 4.59 செகண்ட்னு வந்ததும், ஸ்லோன்னு பேரனுக்கு கொண்டாட்டம். எனக்கு அப்பதான் பேச வாய் வந்துச்சு, எங்க ஊர் கிரிக்கெட்லயும் யோ-யோன்னு ஒரு ஃபிட்னெஸ் டெஸ்ட்ல தோத்தான்னு 2018ல ஷமிய உக்கார வெச்சாங்க, அதுக்காக அவன் பந்து போட தெரியாதவனா, நேரா ஓடறது வேற, பந்து எங்க வரும்னு முன்னாடியே மோப்பம் புடிக்கிறது வேறன்னு ஒரே மூச்சுல சொல்லிட்டேன். நான் இங்கிலீஷ்ல அவ்ளோ நேரம் பேசினது அன்னிக்குதான் முதல் தடவ, கிராமர் எங்க போச்சோ தெரியாது. பேரன் ஷமி யாருன்னு கூட கேக்கல, பாவம்.

டிராஃப்ட் ராத்திரி முறுக்கு சுட்டு எடுத்துட்டு போனேன். 3வது ஸ்டிங்லி, 4வது சாஸ் கார்ட்னர், ரெண்டும் கார்னர்பேக். கார்ட்னரோட காலேஜ் சின்சினாட்டிதான் நோட்டர் டேம அவங்க மைதானத்துலயே தோக்கடிச்ச டீம், பாட்டி முறுக்க கடிச்ச கடில அந்த வயித்தெரிச்சல் தெரிஞ்சது. ஹாமில்டன் 14வதா பால்டிமோர் ரேவன்ஸுக்கு போனான்.

செப்டம்பர்ல மயாமி கூட 35-14ன்னு முன்னாடி இருந்த மேட்ச்ச ரேவன்ஸ் 42-38ன்னு கோட்டை விட்டாங்க, மயாமி ரிசீவர் டைரீக் ஹில் எல்லாரையும் தாண்டி ஓடினான், பேரன் அன்னிக்கு மூணு தடவ போன் பண்ணான். பாட்டி மூணாவது தடவ எடுக்கல.

2023 சீசன்ல ஹாமில்டன் ஃபர்ஸ்ட் டீம் ஆல்-ப்ரோ, அதான் அந்த வருஷம் லீக்லயே சிறந்தவங்க லிஸ்ட். நியூஸ் வந்ததும் பாட்டி என்ன பக்கத்துல உக்கார வெச்சு ஸ்பீக்கர்ல பேரனுக்கு போட்டாங்க. கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் சொல்றான், "ஆனா இன்னமும் ஸ்லோதான்".