முதலில் பாட்டியைக் கேளுங்கள்

முதியோர் இல்லத்தில் இருப்பவர்களுக்காகப் பேசப் போகும் தொண்டர் முதலில் மனத்தில் தெளிய வேண்டியது, தாம் யாருக்காகப் பேசுகிறோம் என்பதைத்தான். மாதக் கட்டணம் கட்டுவது மகனாக இருக்கலாம், நம்மை உட்கார வைத்துத் தேநீர் கொடுப்பது இல்லத்துக்காரராக இருக்கலாம். நாம் பேசுவது கட்டிலில் இருக்கும் பாட்டிக்காக. அவருக்கு நல்லது என்று நமக்குத் தோன்றினாலும், அவர் விரும்பாததை முன்வைக்கக் கூடாது.

பேச்சைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மூக்குக் கண்ணாடி, காது மெஷின் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். பணியாளர் அருகில் நின்றால், "நல்லா பாத்துக்கிறாங்கம்மா" என்ற பதில்தான் வரும். என்ன நடந்தது, என்ன மாற வேண்டும், யாரிடம் சொல்லலாம் என்று மூன்றையும் கேளுங்கள். மூன்றாவதைக் கேட்க மறப்பதால்தான் பெரும்பாலும் தொல்லை வருகிறது. அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

"பேரைச் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தால் மட்டும் போதாது. மலேசியாவின் பினாங்கில் ஓர் இல்லத்தில் தமிழ்ப் பாட்டி ஒருவர்தான் என்றால், 'ராத்திரி பெம்பர்ஸ் மாற்றுவதில்லை' என்று தமிழ்த் தொண்டர் போய்ச் சொன்னவுடனே யார் சொன்னது என்று தெரிந்துவிடும். இதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிட்டு, பிறகு சம்மதம் கேளுங்கள். வேண்டாம் என்றால் நிறுத்திவிடுங்கள். அடுத்த முறை போகும்போது மறுபடி கேட்கலாம்.

மொழிபெயர்ப்பிலும் நேர்மை வேண்டும். பணியாளர் இந்தோனேசியாவிலிருந்தோ மியன்மாரிலிருந்தோ வந்தவராக இருக்கலாம். "சோறு வேகல" என்பதை "சாப்பாடு பிடிக்கவில்லை" என்று மலாயில் சொன்னால், பல்லில்லாதவரின் தேவை வெறும் நாக்கு ருசியாகிவிடும். குழைய வடித்த சோறு அவருக்குக் கிடைக்காமலே போகும்.

மறதி நோய் வந்தவர்களிடம் சற்றுப் பொறுமையாகப் போகவேண்டும். கணக்கு வழக்கு மறந்தவருக்கும், தம்மை யார் குளிப்பாட்டலாம் என்று சொல்லத் தெரியும். அவர் தெளிவாக இருக்கும் வேளையில், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி கேளுங்கள். வேறொரு நாளும் கேட்டு, பதில் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பாட்டி தமக்காகச் செயல்பட எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தை (பவர் ஆஃப் அட்டர்னி) மகன் காட்டினால் அதோடு பேச்சு முடிந்துவிடாது. மலேசியாவில், கொடுத்தவர் மனத்திறன் இழந்தால் அது பொதுவாகச் செல்லாது. 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தை நாடவேண்டும். அதை வழக்கறிஞரிடம் விடுங்கள். கைநாட்டுக்குச் சாட்சி நிற்பதும், ஏடிஎம் கார்டை வாங்கி வைத்துக்கொள்வதும் நம் வேலை இல்லை.

இல்லத்தாரிடமோ குடும்பத்தாரிடமோ தீபாவளி அங்பாவ் (அன்பளிப்புப் பண உறை) வாங்காதீர்கள். உங்கள் உறவினர் அங்கே வேலை செய்தால், அந்தப் பாட்டியை வேறொரு தொண்டரிடம் ஒப்படையுங்கள். பாட்டியோடு படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போடுவதும் வேண்டாம்.

அடி, பட்டினி போன்ற ஆபத்து தெரிந்தால் தாலியான் காசே என்ற அரசு உதவி எண் 15999க்கு அழையுங்கள்; யாரிடம் என்ன சொல்லப்போகிறீர்கள் என்பதைக் கூடுமானவரை பாட்டிக்கு முன்பே தெரியப்படுத்துங்கள். 1993ஆம் ஆண்டு பராமரிப்பு மையச் சட்டப்படி பதிவு பெற்ற இல்லமா என்று சமூக நல இலாகாவிடம் கேட்கலாம். எந்தப் புகாருக்குப் பிறகும், சொல்லாமல் ஒருமுறை போய்ப் பாருங்கள். அழைப்பு மணி கைக்கு எட்டாத இடத்துக்குப் போயிருக்கலாம், அவரைக் குளிப்பாட்டுவது எல்லாருக்கும் கடைசியாகத் தள்ளப்பட்டிருக்கலாம். பழிவாங்கல் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்.