தெரிந்தவனுக்கு ஒரு வரி, தெரியாதவனுக்கு ஆறு வரி

அக்கா மகனுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். உராய்வு இல்லாத சாய்தளத்தில் ஒரு கட்டை சறுக்குகிறது, கீழே வரும்போது என்ன வேகம்? "ஆற்றல் மாறா விதி, போட்டா வந்துடும்" என்றேன். பையன் என்னையே பார்த்தான். எனக்கு ஒரு வரி, அவனுக்கு ஆறு வரி.

சரி என்று ஆறு வரியையும் எழுதிக் காட்டினேன், அதே மாதிரி இரண்டு கணக்கைக் கடகடவென்று போட்டுவிட்டான். அப்புறம் அதே விதியால் தீருகிற இன்னொரு கணக்கை, ஒரு சுருள்வில் கட்டையைத் தள்ளுவதைக் கொடுத்தால், "மாமா, இது ஸ்பிரிங் கணக்கு, நீங்க சொல்லித்தந்தது சாய்தளம்" என்கிறான்!

சிரிப்பு வந்தது, ஆனால் அவன்மேல் தப்பில்லை. 1981-இல் மிஷலின் சீ என்ற ஆய்வாளரும் சகாக்களும் இயற்பியல் கணக்குகளைக் கொடுத்து வகை பிரிக்கச் சொன்னபோது, புதியவர்கள் இப்படித்தான் சாய்தளம் ஒரு பக்கம், சுருள்வில் ஒரு பக்கம் என்று அடுக்கினார்கள். தேர்ந்தவர்கள் எந்த விதியால் தீரும் என்று பார்த்துப் பிரித்தார்கள். எடுத்துக்காட்டு ஒன்றுதான், இருவர் கண்ணிலும் படுவது வேறு.

அதற்காகப் புதியவனை நீயே போட்டுப் பார் என்று விட்டுவிடவும் முடியாது. வழி தேடுவதிலேயே மனசு நிரம்பிவிடும், கற்க இடம் மிஞ்சாது. ஸ்வெல்லர், கூப்பர் என்ற ஆய்வாளர்கள் 1985-இல் இயற்கணிதத்தில் சோதித்தார்கள்: தீர்த்த கணக்குகளைப் படித்தவர்கள் அதே வகைக் கணக்குகளை வேகமாக, குறைந்த பிழையோடு போட்டார்கள். வேறு வகை வந்தபோது அந்த அனுகூலம் இல்லை (எங்கள் சுருள்வில் கதைதான்).

தெரிந்தவனுக்கோ எல்லாப் படியையும் விளக்கினால் அதுவே தொந்தரவு. வேலைக்காக ஒரு புது நிரல்மொழி படித்தபோது, 'மாறி என்றால் என்ன' என்று தொடங்கும் பாடத்தில், எனக்குத் தேவையான ஒரே விஷயத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் எரிச்சலாகிவிட்டது. புதியவனுக்கு உதவுவதே தெரிந்தவனுக்கு இடைஞ்சலாகும் இந்தத் தலைகீழ் விளைவைக் கல்யூகா, ஸ்வெல்லர் போன்றவர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள்.

பையனிடம் இரண்டு மாற்றம் செய்தேன். சாய்தளத்தையும் சுருள்வில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு வரிக்கும் "இது ஏன் வந்தது?" என்று அவனையே சொல்ல வைத்தேன். பிறகு கடைசி வரியை அழித்துக் கொடுத்தேன், அடுத்த கணக்கில் கடைசி இரண்டு. முதலில் முனகினான்.

போன வாரம் பழக்கதோஷத்தில் ஆறு வரியையும் எழுதத் தொடங்கினேன். "மாமா, மூணாவது வரியிலேர்ந்து எழுதுங்க, போதும்" என்றான்.